பாஸ்போர்ட்டுக்குப் பரஸ்தானம்

வியட்நாமுக்கு டிக்கெட் போட்டது தி.நகரில், ஒரு புடவைக் கடையில் பில் போடும் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது. போட்டவள் நான்தான். எனக்கு முன்னால் நின்ற அம்மாள் ஒரு கல்யாணத்துக்கே மொத்தமாக ஜவுளி எடுத்திருந்தாள். வரிசை நகருவதாக இல்லை. பொழுதுபோகாமல் கைபேசியைத் திறந்தால் விமானக் கட்டணத்தில் ஏதோ சலுகை என்று வந்து விழுந்தது. பக்கத்தில் நின்றிருந்த அக்காவிடம், "அக்கா, வியட்நாம் போலாமா?" என்று கேட்டேன்.

"போலாமே" என்றாள். போகிற வழியில் கறிகாய் வாங்கிக்கொண்டு போகலாமா என்று கேட்டாலும் அதே குரலில்தான் சொல்லியிருப்பாள்.

அந்த அம்மாளின் கடைசிப் புடவை மடிக்கப்படுவதற்குள் எங்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட் போட்டுவிட்டேன். நான் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக்கொடுக்கிறவள். நாள் முழுக்க எதையும் நிரூபித்துவிட்டுத்தான் நம்ப வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லி, வீட்டுக் காரியங்களில் அவசரக் குடுக்கையாகிவிட்டேன் என்று என் கணவர் சொல்வார். சொல்லிவிட்டுப் போகட்டும். இந்த மாதிரி வேலைகளை யோசித்துச் செய்தால் செய்யவே முடியாது.

அக்கா என்றால் கூடப்பிறந்த அக்கா இல்லை. கணவருடைய அக்கா, எனக்கு நாத்தனார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெறும்வரை ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்தாள். மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்தில் எங்களோடு ஒரே ஃப்ளாட்டில் இருக்கிறாள். நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் இத்தனை வருஷம் சண்டையே இல்லாமல் இருந்தோம் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நம்பவும் வேண்டாம். நிறையச் சண்டை போட்டிருக்கிறோம். சாயங்காலம் காப்பி கலக்கும் நேரத்துக்குள் அது தீர்ந்துபோய்விடும், அவ்வளவுதான்.

நாங்கள் இரண்டு பேருமே அதுவரை வெளிநாடு போனதில்லை. ஆனால் நான் போக முயன்றதே இல்லை. அக்கா மூன்று தடவை கிளம்பியிருக்கிறாள். முதல் தடவை ஆபீஸ் சிநேகிதிகளோடு சிங்கப்பூர். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் என் மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். அடுத்த தடவை இலங்கை. இப்போது கல்யாணமாகிப் போய்விட்ட எங்கள் பெண்ணுக்கு அப்போது மஞ்சள் காமாலை. மூன்றாவது தடவை எங்கே என்று அவளுக்கே ஞாபகமில்லை; என் கணவருக்குப் பித்தப்பையில் கல் என்பது மட்டும்தான் ஞாபகம். ஒரு தடவைகூட யாரும் அவளைப் போகாதே என்று சொன்னதில்லை. "நீ போயிட்டு வா, நாங்க பாத்துக்கறோம்" என்றுதான் எல்லோரும் சொன்னோம். அவளே உள்ளே போய் பெட்டியைப் பிரித்து, புடவைகளை எடுத்து பீரோவில் அடுக்கிவிடுவாள். இரண்டு பாஸ்போர்ட்டுகள் ஒரு முத்திரைகூட விழாமல் காலாவதியாகிவிட்டன. இப்போது இருப்பது மூன்றாவது. இந்தத் தடவை இவளைக் குண்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டாவது போய்விடுவது என்று நான் தீர்மானம் செய்திருந்தேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்கும் புத்தி சரியாக இல்லை.

முதலில் விசா. நம் ஊரில் யாருக்கு ஐயா குடும்பப் பெயர் இருக்கிறது? அப்பா பெயர்தான் இனிஷியல். பாஸ்போர்ட்டிலோ அந்த இனிஷியலை விரித்து, குடும்பப் பெயர் என்கிற கட்டத்தில் அப்பாவின் முழுப் பெயரையும் போட்டுவிட்டார்கள். அதையே விசாவுக்கும் கொடுத்தோம், ஹோட்டலுக்கும் கொடுத்தோம். மறுநாள் ஹோட்டலிலிருந்து என் மாமனாருக்கு ஒரு வரவேற்பு மின்னஞ்சல் வந்தது. அவர் காலமாகிப் பல வருஷமாகிறது. அவருடைய வருகைக்காக ஆவலோடு காத்திருக்கிறார்களாம். அவருடைய அறையிலிருந்து கடல் தெரியுமாம். காலைச் சிற்றுண்டி இலவசமாம். அக்கா அதை உரக்கப் படித்தாள். பாதியில் குரல் நின்றுவிட்டது. அழுகிறாளோ என்று பயந்து திரும்பிப் பார்த்தால், சிரிப்பில் மூச்சு முட்டிக்கொண்டிருக்கிறாள். அப்புறம் எழுந்து போய், மாலை போட்ட படத்துக்கு முன்னால் கைபேசியை நீட்டி, "அப்பா, உன்னை ஆவலா எதிர்பார்த்துண்டு இருக்காளாம். கார் வேணும்னா முன்னாடியே சொல்லணுமாம்" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம்.

அடுத்தது சாப்பாடு. அந்த ஊரில் கீரையிலும்கூட மீன் சாறு ஊற்றுவார்கள் என்று யாரோ பயமுறுத்திவிட்டார்கள். எனவே அக்கா, "எனக்கு மீன் வேண்டாம், மீன் சாறும் வேண்டாம்" என்பதை வியட்நாமிய மொழியில் கைபேசி சொல்லக் கேட்டு மனப்பாடம் செய்ய ஆரம்பித்தாள். பீன்ஸ் நறுக்கும்போது, துணி உலர்த்தும்போது, விளக்கேற்றும்போதும்கூட அதே மந்திரம்தான். ஒருநாள் மாட வீதியில் கீரைக்காரம்மாவிடம் சொல்லிப் பார்த்தாள். அந்த அம்மாள் கட்டைக் கீழே வைத்துவிட்டு, "இன்னாம்மா, காலங்காத்தால வாய்க்குள்ளயே திட்டிக்கினு கீற? வேணும்னா வாங்கு, வேணாம்னா போ" என்றாள். சமாதானம் செய்ய இரண்டு கட்டு அதிகமாக வாங்க வேண்டியதாயிற்று. மூன்று நாள் எங்கள் வீட்டில் கீரைதான்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி தி.நகர். அக்கா வாழ்க்கையில் முதல் தடவையாகச் சுடிதார் வாங்கினாள். போட்டுப் பார்க்கும் அறைக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. "என்ன ஆச்சு அக்கா?" என்று கதவைத் தட்டினால், "கால் ரெண்டும் ஒரே பக்கத்துல போயிடுத்துடி" என்று உள்ளேயிருந்து குரல் வருகிறது. ஒருவழியாக வெளியே வந்தபோது துப்பட்டாவைத் தலைப்பு மாதிரி இழுத்து இடுப்பில் செருகியிருந்தாள். விற்பனைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு, "நல்லா இருக்குங்க மேடம்" என்றாள். அக்கா கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பி, நேராகத் திரும்பி, கையை வீசி நாலு எட்டு நடந்து பார்த்துவிட்டு, "ஏண்டி, இத்தனை நாளா இவ்வளவு சௌகரியத்தை ஒளிச்சு வெச்சிண்டு இருந்தேளா நீங்கள்லாம்?" என்று என்னைப் பார்த்துக் கோபமாகக் கேட்டாள். இன்னும் இரண்டு வாங்கினோம்.

இத்தனைக்கும் நடுவில் என் கணவர் ஒருவர்தான் நிதானமாக இருந்தார். நிதானமாக இருப்பவர்கள்தான் ஆபத்தானவர்கள். ஒருநாள் காலை பஞ்சாங்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, என்னைக் கூப்பிட்டார்.

"நீ டிக்கெட் போட்டிருக்கிற நாள் சனிக்கிழமை. கிழக்கே சூலம். வியட்நாம் கிழக்கேதான் இருக்கு. அன்னிக்கு அஷ்டமி. போறாத குறைக்கு அக்காவுக்குச் சந்திராஷ்டமம். இதைவிட மோசமான ஒரு நாளைத் தேடிண்டு போனாலும் கிடைக்காது. எப்படிடி கண்டுபிடிச்சே?"

"சலுகைல கிடைச்சுது."

"நல்ல நாளா இருந்தா சலுகைல குடுப்பானா?"

எனக்குச் சூலத்திலும் நம்பிக்கையில்லை, சந்திராஷ்டமத்திலும் நம்பிக்கையில்லை. ஆனால் அக்காவுக்கு உண்டு. பயணம் நின்றுபோக ஒரு சாக்கு வந்துவிட்டதே என்று பஞ்சாங்கத்தை மூடக் கையை நீட்டினேன். அக்கா உள்ளேயிருந்து வந்தாள். பஞ்சாங்கத்தைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள்.

"அதனால என்ன? பரஸ்தானம் வெச்சுட்டாப் போச்சு" என்றாள்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நாள் சரியில்லாத அன்று பயணம் போக வேண்டியிருந்தால், அதற்கு முன்னால் வரும் ஒரு நல்ல நாளில், பயணத்துக்குக் கொண்டுபோகும் சாமான் ஏதாவது ஒன்றை வேறு யாருடைய வீட்டிலாவது கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அதற்குப் பெயர்தான் பரஸ்தானம். சாமானை வைத்த அந்த நிமிஷமே நாம் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. கெட்ட நாளில் நாம் புதிதாகக் கிளம்புவதில்லை. ஏற்கனவே கிளம்பிய பயணத்தைத் தொடர்கிறோம், அவ்வளவுதான். இதில் ஒரே ஒரு நிபந்தனை. வைத்த சாமானைப் போகிற வழியில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பக் கூடாது. திரும்பினால் பயணம் முறிந்துபோகும். சாதாரணமாக ஒரு துண்டையோ பழைய சட்டையையோ பையில் போட்டு வைப்பது வழக்கம். கிரகங்களிடமே வாய்தா வாங்கி ஏமாற்றும் இந்தக் கெட்டிக்காரத்தனம் எனக்கு எப்போதும் பிடிக்கும்.

கிழக்கே போகிற பயணம் என்பதால் எங்களுக்குக் கிழக்குப் பக்கம் இருக்கிற எதிர் ஃப்ளாட் மாமி வீட்டில் வைப்பதாக ஏற்பாடு. வியாழக்கிழமை காலை நல்ல நேரத்தில் அக்கா தன் பழுப்பு நிறக் கைப்பையை அங்கே கொண்டுபோய் வைத்தாள். நான் அப்போது அடையாறில் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். சாயங்காலம் வந்து, "வெச்சாச்சா?" என்றேன். "வெச்சாச்சு" என்றாள். முகத்தில் ஒரு திருப்தி.

வெள்ளிக்கிழமை எனக்கு விடுப்பு. மறுநாள் காலை பதினோரு மணிக்கு விமானம். கொஞ்சம் டாலர் மாற்றிக்கொள்வது ஒன்றுதான் பாக்கி. தி.நகரில் மாற்றிக் கொடுக்கும் இடத்தில் பாஸ்போர்ட் அசலையே கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். பீரோவைத் திறந்து, எப்போதும் வைக்கும் இடத்தில் கையை விட்டேன். இல்லை. புடவைகளை எல்லாம் இழுத்துக் கட்டில்மேல் போட்டேன். இல்லை.

"அக்கா! பாஸ்போர்ட்டைக் காணும்!"

அக்கா காப்பியை ஆற்றிக்கொண்டே வந்தாள். "காணாமப் போகலை. பரஸ்தானத்துல இருக்கு."

"எது?"

"ரெண்டும். உன்னோடதும்தான். எதை வைக்கணும்னு இவனைக் கேட்டேன். எது இல்லாம போக முடியாதோ அதை வைன்னான். துண்டு இல்லாம போகலாமே."

சமையலறையிலிருந்து என் கணவர் எட்டிப் பார்த்து, "நான் மாத்திரை டப்பாவைச் சொன்னேன்!" என்றார். நாங்கள் இல்லாத நாட்களுக்காக அவர் அன்று ரசம் வைத்துப் பழகிக்கொண்டிருந்தார்.

நான் கத்தினதை எழுதப் போவதில்லை. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் எதிர் ஃப்ளாட்டுக்கு ஓடினேன். கதவில் பூட்டு. பெரிய பூட்டு. அங்கேயே நின்று மாமிக்குப் போன் செய்தேன்.

"கவலையே படாதே. பத்திரமா இருக்கு. பாஸ்போர்ட்டுன்னு உன் நாத்தனார் சொன்னாளா, பூட்டின ஆத்துல விட்டுட்டு வர மனசு வரலை. கையோட எடுத்துண்டு வந்துட்டேன்" என்றாள் மாமி.

"எங்கே எடுத்துண்டு போனேள்?"

"பொண்ணாத்துக்கு. ஈக்காட்டுத்தாங்கல். நாளைக்குக் காலம்பற வந்து குடுத்துடறேனே."

மாமியின் காலம்பற எனக்குத் தெரியும். குளித்து, பூஜை முடித்து, இரண்டாவது காப்பி சாப்பிட்டு, பேப்பரில் இரங்கல் விளம்பரங்களைப் பார்த்து முடித்த பிறகு வருவது மாமியின் காலம்பற. அதற்குள் விமானம் வங்காள விரிகுடாவைத் தாண்டிவிடும். நானும் அக்காவும் கிடைத்த ஆட்டோவில் ஏறினோம்.

மெட்ரோவுக்காக வீதியெல்லாம் வெட்டிப் போட்டிருந்ததில் ஆட்டோ ராஜா அண்ணாமலைபுரம் தாண்டுவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. "சீக்கிரம் போப்பா" என்று நான் சொல்லச் சொல்ல, ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "பறக்கவா மாமி? எங்க பாத்தாலும் நோண்டி வெச்சிக்கினு கீறான். இன்னா, ஆஸ்பத்திரியா?" என்று கேட்டார். "இல்லைப்பா, வியட்நாம்" என்றாள் அக்கா. ஓட்டுநர் கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டார்.

எனக்குக் கோபம் அடங்கவில்லை. "கிழக்கே போக வேண்டிய பை இப்ப மேற்கே போய் உக்காந்துண்டு இருக்கு. இதுக்கு உங்க சாஸ்திரம் என்ன சொல்றது?" என்றேன்.

அக்கா ரொம்ப நேரம் யோசித்தாள். "ஏர்போர்ட்டே மேற்கேதானேடி இருக்கு?" என்றாள். சொல்லிவிட்டு அவளுக்கே தாங்கவில்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நான் சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சாலையைப் பார்த்தேன். கோட்டூர்புரம் பாலத்தில் எனக்கும் வந்துவிட்டது.

மாமியின் பெண் வீடு, கீழே லேத் பட்டறைகள் இரைச்சலிடும் ஒரு தெருவில் இரண்டாவது மாடியில் இருந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போயிருந்தார்கள். மாமி கதவைத் திறந்து நேராகப் பூஜை அறைக்கு அழைத்துக்கொண்டு போனாள். சாமி படங்களுக்குக் கீழே ஒரு பலகையில் அக்காவின் கைப்பை உட்கார்ந்திருந்தது. அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு முழம் மல்லிகையும் சார்த்தியிருந்தாள். பாஸ்போர்ட்டின்மேல் வைக்காமல் விட்டாளே என்று மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, நான் பையை எடுக்கக் கையை நீட்டினேன்.

மாமி என் கையைப் பிடித்துவிட்டாள். "இன்னிக்கேவா எடுக்கறே? எடுத்தா ஆத்துக்குத் திரும்பப்படாது. ஞாபகம் இருக்கோன்னோ?"

"மாமி, டாலர் மாத்தணும். பெட்டியெல்லாம் ஆத்துல இருக்கு. ஃப்ளைட்டு நாளைக்குத்தான்."

"அப்ப பையை விடு. உள்ளே இருக்கிறதை மட்டும் எடுத்துக்கோ."

"பாஸ்போர்ட்டுக்குத்தானே மாமி பரஸ்தானம்! வெறும் பை எங்கே போகப் போறது?"

இப்படி நானும் மாமியும் சாஸ்திர விசாரம் செய்துகொண்டிருக்கும்போது அக்காவின் கைபேசி அடித்தது. என் கணவர். அக்கா ஒலிபெருக்கியில் போட்டாள்.

"ஒண்ணுமில்லே" என்றார். அந்தக் குடும்பத்தில் ஒண்ணுமில்லே என்று ஆரம்பித்தால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். "ரசத்துக்குத் தாளிச்சேன். எண்ணெய் தெறிச்சுடுத்து. கை பூரா. கொப்பளிச்சிண்டு வரது. அதெல்லாம் ஒண்ணுமில்லே. நீங்க உங்க வேலையைப் பாருங்கோ. நான் பாத்துக்கறேன்."

கையைப் பற்றிய கவலை இல்லாமல் இல்லை; ஆனால் அதைவிட, எனக்கு அந்தக் குரல் தெரியும். அந்தக் குரலுக்கு அக்கா என்ன செய்வாள் என்பதும் தெரியும். அவளுடைய முகம் மாறிவிட்டது. அதுவரை இருந்த சிரிப்பெல்லாம் வடிந்து, ஆபீஸ் முடிந்து வந்ததும் வராததுமாக அடுப்படிக்குள் நுழைவாளே, அந்த முகம் வந்துவிட்டது. முடிந்தது, இதோ சொல்லப் போகிறாள், கிளம்புடி ஆத்துக்குப் போகலாம் என்று சொல்லப் போகிறாள், இந்த மூன்றாவது பாஸ்போர்ட்டும் போயிற்று என்று நினைத்தேன். கோபம்கூட வரவில்லை. அழுகைதான் வந்தது.

"குழாய்ல தண்ணியைத் திறந்துவிட்டு அதுக்கடியில கையை வெச்சுக்கோ. எடுக்காதே" என்றாள் அக்கா. "விரலை மடக்க முடியறதா?"

"முடியறது."

"சரி. களிம்பு ஃப்ரிட்ஜ் மேல டப்பால இருக்கு. தண்ணில வெச்சப்புறம் போட்டுக்கோ. கீழ் ஃப்ளாட்டுல டாக்டர் மூணு மணிக்கு வருவார், காட்டு."

"நீ எப்ப வருவே?"

பேசிக்கொண்டே இருந்தவள், இன்னொரு கையால் பலகையிலிருந்து பையை எடுத்தாள். மல்லிகைச் சரம் நழுவிக் கீழே விழுந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நான் வர முடியாதுடா. பையை எடுத்தாச்சு" என்றாள்.

எனக்கு விசில் அடிக்க வேண்டும்போல இருந்தது. எனக்கு விசில் அடிக்கத் தெரியாது, மாமியைக் கட்டிக்கொண்டேன். மாமிக்கு எதற்கு என்று புரியவில்லை.

அன்றைக்கு நடந்ததெல்லாம் அதற்கப்புறம் ஒரே கூத்துதான். நான் பாஸ்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டு தி.நகருக்குப் போய் டாலர் மாற்றிக்கொண்டு வந்தேன்; தி.நகர் நம் வீடு இல்லை, அதனால் தோஷமில்லை என்று மாமி தீர்ப்புச் சொல்லியிருந்தாள். அக்கா அந்த வீட்டைவிட்டு நகரவில்லை. போனிலேயே தம்பிக்கு உத்தரவுகள் போட்டாள். பெரிய பெட்டி கட்டிலுக்குக் கீழே, சின்னப் பெட்டி பீரோ பக்கத்தில், பல் தேய்க்கும் பிரஷ்ஷை மறக்காதே, டாக்டர் என்ன சொன்னார். டாக்டர் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, நாலு நாளில் ஆறிவிடும் என்று சொல்லியிருந்தார். அதைக் கேட்டபிறகு அக்கா மாமிக்கு வியட்நாமிய மொழியில் மீன் வேண்டாம் என்று சொல்லிக் காட்டினாள். மாமியும் கற்றுக்கொண்டாள். மாமி எங்கேயும் போகப் போவதில்லை. ஆனாலும் உச்சரிப்பு அக்காவைவிட நன்றாக இருந்தது.

சாயங்காலம் என் கணவர் இரண்டு பெட்டிகளோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். வலது கையில் பெரிய கட்டு. மாடி ஏறி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட கையை மடியில் எல்லோருக்கும் தெரியும்படி வைத்துக்கொண்டார். அக்கா அவரெதிரில் தரையில் உட்கார்ந்து, கட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்து, வாயால் ஊதினாள். அவளுக்குக் கண் கலங்கியது. அவருக்கும்தான்.

"அக்கா, நான் யோசிச்சுப் பாத்தேன்" என்றார் மெதுவாக. "பையை மறுபடி பலகைல வெச்சுடு. அது இங்கேயே இருக்கட்டும். பெட்டியும் இங்கேயே இருக்கட்டும். நீ மட்டும் இப்ப ஆத்துக்கு வந்துடு. ராத்திரி நம்மாத்துல தூங்கிட்டு, காலம்பற இங்கே வந்து எடுத்துண்டு அப்படியே ஏர்போர்ட் போயிடலாம். பரஸ்தானத்துக்கும் பங்கம் இல்லை. இந்தக் கையோட நானும் ஒரு ராத்திரி... நீ இருந்தா தேவலை."

நியாயமான யோசனைதான். மாமி தலையை ஆட்டினாள். நான்கூட, இதிலே தப்பு என்ன இருக்கிறது, ஒரு ராத்திரிதானே என்று நினைத்தேன். வாயைத் திறக்கவும் போனேன்.

அக்கா கட்டின் ஓரத்தைச் சரியாக மூடினாள். தம்பியின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆத்துக்கு வந்தா நான் திரும்பி வரமாட்டேன்டா. உனக்குத் தெரியாது; எனக்குத் தெரியும். ராத்திரி நீ ஒரு தடவை முனகினாப் போறும், பெட்டி இங்கே இருக்கிறதுகூட எனக்கு ஞாபகம் வராது. பாஸ்போர்ட் பீரோவுல இருந்திருந்தா இன்னிக்குக் காலம்பறயே எல்லாத்தையும் பிரிச்சு அடுக்கியிருப்பேன். அதனாலதான் அதைக் கொண்டுபோய் வெச்சேன். நான் பரஸ்தானம் வெச்சது பையை இல்லைடா. என்னை."

கீழே பட்டறையில் ஏதோ இரும்பை அறுத்துக்கொண்டிருந்தார்கள். எதை வைக்க வேண்டும் என்று அக்கா தம்பியைக் கேட்டது, துண்டு இல்லாமல் போகலாம் என்று சொன்னது, வியாழக்கிழமை முகத்தில் இருந்த அந்தத் திருப்தி எல்லாம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. சாஸ்திரத்தை அத்தனை அழகாக யாரும் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. எனக்கு அவள்மேல் பொங்கிக்கொண்டு வந்த பிரியத்தை என்ன செய்வது என்று தெரியாமல், எழுந்து போய் மாமியின் சமையலறையில் எல்லோருக்கும் காப்பி கலந்தேன். சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டு மறுபடி கலந்தேன்.

காப்பி குடித்துவிட்டு என் கணவர் எழுந்தார். கோபித்துக்கொண்டாரோ என்று பார்த்தேன், இல்லை. "நீ அக்காவோட இங்கேயே இரு" என்று என்னிடம் சொன்னார், ராத்திரிக்கு மாமி டப்பாவில் போட்டுக்கொடுத்த சேவையை வாங்கிக்கொண்டார். வாசலில் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார். அக்கா நிலைப்படியில் நின்றாள்.

அவர் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து, கல்லூரி, வேலை, டெல்லி மாற்றல், என்னைப் பெண் பார்க்க வந்தது வரைக்கும், அக்காதான் நிலைப்படியில் நின்று "போயிட்டு வா" என்று சொல்லியிருக்கிறாள். அன்றைக்கும் அவர்தான் படியிறங்கப் போகிறவர், அவள்தான் நிலைப்படியில் நிற்கிறவள். அவர் இரண்டு படி இறங்கி நின்றார். திரும்பினார். என்ன சொல்வது என்று தெரியாமல் கட்டுப்போட்ட கையைக் கொஞ்சம் தூக்கினார்.

"போயிட்டு வா, அக்கா" என்றார்.

"வரேன்டா" என்றாள் அக்கா. அவர் படியிறங்கி முடிப்பதற்குள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.